காலண்டரை நீ கிழிக்காதே

அன்புள்ள தினேஷுக்கு,

இதைப் போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நான் எதைச் சொன்னாலும் நீ "சரிப்பா, சரிப்பா" என்கிறாய். முதல் சரிப்பா எனக்குப் புரிகிறது. இரண்டாவது சரிப்பாவின் மேல்தான் சந்தேகம். அது காதில் வாங்கிக்கொண்டவன் சொல்வதில்லை, போனை வைக்கப் பார்க்கிறவன் சொல்வது. அதனால்தான் கடிதம். நீ இரண்டு தடவை படிக்கலாம், வித்யாவும் படிக்கலாம். உன் அண்ணன் பாபு போகும் சிறப்புப் பயிற்சி மையத்தில் மற்றப் பெற்றோருக்கும் ஒரு நகல் கொடுப்பதாக இருக்கிறேன். இதில் வெட்கப்பட வேண்டியவன் நான் ஒருவன்தான் என்பதால் யார் படித்தாலும் பரவாயில்லை.

வருகிற ஞாயிற்றுக்கிழமை உன் அண்ணன் மேடவாக்கத்துக்கு, உன் வீட்டுக்கு வருகிறான். எனக்கு இதய ஆபரேஷன் முடிந்து உடம்பு தேறும்வரை என்றுதான் முதலில் பேச்சு. அப்புறம் நீயே, "அதுக்கு மேலயும் அவன் எங்க கூடவே இருக்கட்டும்ப்பா" என்றாய். உண்மையைச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. அதைக் கேட்டதும் எனக்கு வந்த முதல் நினைப்பு, இவனுக்கு நம் மேற்குத் தாம்பரம் வீட்டின் மேல் கண்ணோ என்பதுதான். உன் அம்மாவிடம் வாய்விட்டே சொன்னேன். அவள் குழம்புக் கரண்டியோடு திரும்பி, பெற்ற பிள்ளையிடமும் டிக்கெட் கேட்பீர்களா என்றாள். கேட்பேன். முப்பத்தாறு வருடம் கடற்கரைக்கும் செங்கல்பட்டுக்கும் நடுவே மின்சார ரயிலில் டிக்கெட் கேட்டவன் நான். பல்லாவரத்தில் ஏறுகிறவன் கம்பியைப் பிடிக்கிற விதத்தை வைத்தே, இவனிடம் டிக்கெட் இல்லை என்று சொல்லிவிடுவேன். கறுப்புக் கோட்டைக் கழற்றி எட்டு வருடமாகியும் அந்தப் பழக்கம் போகவில்லை. பால்காரர், தண்ணீர் கேன் போடுகிறவர், எதிர் வீட்டுக்குப் புதிதாக வந்தவர் என்று ஒருவரையும் விட்டதில்லை. ஆனால் சந்தேகப்பட வேண்டிய ஒரு விஷயத்தை என் வீட்டு ஹாலிலேயே வைத்துக்கொண்டு ஐந்து மாதம் சந்தேகப்படாமல் இருந்தேன். தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். என் விஷயத்தில் அது சரியாகப் போயிற்று.

பாபுவுக்கு மன அழுத்த நோய் வந்தது, மாத்திரை சாப்பிடுகிறான், இப்போது தேவலை. இவ்வளவுதான் உனக்குத் தெரியும். அது எப்படி வந்தது, எத்தனை நாள் நாங்கள் பார்க்காமல் விட்டோம் என்பது உனக்குத் தெரியாது. நீ கேட்டபோதெல்லாம், "அவன் எப்பவும் போலத்தான்" என்று சொல்லி வைத்தவன் நான்.

நம் வீட்டு ஹாலில், அவன் கட்டில் போட்டிருக்கும் சுவரில், மளிகைக் கடையில் கொடுத்த தினசரி காலண்டர் மாட்டியிருக்கும், நினைவிருக்கிறதா. தேதி கிழிப்பது அவன் வேலை. நீ பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்திலிருந்தே அவன் வேலை. காலையில் எழுந்து, பல் தேய்த்து, காப்பி குடிப்பதற்கு முன் கிழிப்பான். கிழித்த தாளை என்னிடம் காட்டுவான். நான் புதுத் தேதியின் நல்ல நேரம், ராகு காலம் எல்லாம் படிப்பேன். அவனுக்கு எண் தெரியாது, ஆனால் ஒரு நாளைக்கு ஒரு தாள் என்பது தெரியும். ஒருமுறை நாம் நான்கு நாள் வெளியூர் போய்த் திரும்பியபோது, நீ அவசரத்தில் நான்கு தாளையும் சேர்த்துக் கிழித்துவிட்டாய். ரகளை செய்து அவற்றைப் பசை போட்டு ஒட்ட வைத்து, மறுபடி ஒவ்வொன்றாகக் கிழித்த பிறகுதான் சாப்பிட உட்கார்ந்தான். அவ்வளவு கறார். உன் கல்யாணம் முடிந்து நீயும் வித்யாவும் தனிக்குடித்தனம் போன பிறகு, ஒருநாள் அவன் தேதி கிழிக்கவில்லை. மறுநாளும் கிழிக்கவில்லை. உன் அம்மா என்னிடம், "ஏங்க, அவன் காலண்டர் கிழிக்கறதில்லைங்க, கவனிச்சீங்களா" என்றாள். மறந்திருப்பான், அவனுக்கு அதெல்லாம் ஒரு விஷயமா என்றேன். சொல்லிவிட்டு நானே கிழித்தேன். அடுத்த நாளும் நானே. பழைய தேதி தொங்கினால் வீட்டுக்கு ஆகாது என்று எனக்கு நானே காரணம் வைத்திருந்தேன். ரயில்வேக்காரனுக்குத் தப்பான தேதியைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது என்பதும் உண்மைதான். ஆனால் அவன் கிழிக்கவில்லை என்பது என் கண்ணில் படக்கூடாது என்றுதான் கிழித்தேனோ என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது.

பிறகு ஒவ்வொன்றாக வந்தது. குளிக்கப் போனால் முக்காலியில் உட்கார்ந்துவிடுவான், கையில் மக் இருக்கும், தண்ணீர் வாளியிலிருந்து வழிந்து ஓடும், உடம்பு நனைந்திருக்காது. சட்டைப் பொத்தான் போடத் தெரிந்தவன் போடத் தெரியாதவன் மாதிரி நிற்பான். தட்டில் சோற்றைப் பிசைந்துவிட்டு எழுந்துவிடுவான். பெரியவர்களுக்கு மனசு சரியில்லை என்றால் மனசு சரியில்லை என்று சொல்வார்கள். அவனிடம் இருந்த வார்த்தை "வயிறு" ஒன்றுதான். என்னடா செய்கிறது என்றால் "வயிறு" என்பான். நாங்களும் வயிற்றைப் பார்த்தோம். ஓமத்தண்ணீர் கொடுத்தோம், ஸ்கேன் எடுத்தோம், வெறும் வயிற்றோடு இரண்டு லேபில் உட்கார வைத்தோம். வயிற்றில் ஒன்றும் இல்லை என்றதும் எனக்கு, இவன் நடிக்கிறான் என்று தோன்றியது. கல்யாண வீட்டில் எல்லாரும் உன்னையே கவனித்தார்களே, அந்தப் பொறாமையில் வீம்பு பிடிக்கிறான் என்று முடிவு கட்டினேன். ஒருநாள் அந்த முக்காலியிலிருந்து அவனைக் கையைப் பிடித்து இழுத்து எழுப்பி, முதுகில் ஓர் அடி வைத்தேன். முப்பத்து மூன்று வயது மனிதனை அடித்தேன் தினேஷ். அவன் திருப்பித் தள்ளக்கூட இல்லை. அதையாவது நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

கார்த்திகை மாதம் அவன் இடது மணிக்கட்டில் கன்றிப்போன தழும்பு பார்த்தேன். அப்போதுதான் எனக்குள் இருந்த டிக்கெட் பரிசோதகன் நன்றாக விழித்தான். யாரோ அடிக்கிறார்கள், அதனால்தான் பையன் ஒடுங்கிவிட்டான். யார்? குரோம்பேட்டையில் இருக்கும் மையத்துக்கு அவனைத் தினமும் கூட்டிப்போய்க் கூட்டிவருகிற ஆட்டோக்காரர் செல்வம்தான். பம்மல்காரர், ஆறு வருடமாக ஓட்டுகிறவர். தனியாக இருக்கிற நேரம் ஆட்டோவில்தானே என்று கணக்குப் போட்டேன். மையத்தின் வாசலில், மற்றப் பிள்ளைகளின் அம்மாக்கள் நிற்கும்போதே அவர் சட்டையைப் பிடித்தேன். அவர் ஒன்றும் பேசவில்லை. பேசாததே குற்றத்துக்குச் சாட்சி என்று எடுத்துக்கொண்டேன். மையத்தில் அவரை நிறுத்திவிட்டார்கள். நான் ஜெயித்தவன் மாதிரி வீட்டுக்கு வந்தேன். அடுத்த வாரம் பாபு கட்டிலில் உட்கார்ந்து தன் மணிக்கட்டைத் தானே கடித்துக்கொண்டிருப்பதை உன் அம்மா பார்த்தாள். என்னிடம் சொன்னாள். கேட்டுக்கொண்டேன். ஆனால் செல்வத்திடம் போகவில்லை.

நம் பேட்டை டாக்டரிடம் கூட்டிப்போனோம். அவர் நல்ல மனிதர், அவசரத்தில் இருந்தார். பாபுவின் முகத்தைப் பார்த்தார், பழைய சீட்டைப் புரட்டினார், இவர்கள் இப்படித்தான் இருப்பார்கள், வயதாக ஆகக் கொஞ்சம் கூடும், மனசைத் தேற்றிக்கொள்ளுங்கள் என்றார். தினேஷ், எனக்கு அதைக் கேட்டதும் நிம்மதியாக இருந்தது. புதிதாக ஒன்றும் இல்லை, பழையதுதான் என்ற நிம்மதி. எவன் எது சொன்னாலும் நம்பாத நான், அந்த ஒரு வார்த்தையை மட்டும் கேள்வி கேட்காமல் வீட்டுக்குள் விட்டேன். ஆகவே உனக்கு நான் சொல்வது இதுதான். பாபுவைப் பற்றி யார் "அவங்க அப்படித்தான்" என்று சொன்னாலும் நம்பாதே. டாக்டர் சொன்னாலும், டீச்சர் சொன்னாலும், நானே சொன்னாலும் நம்பாதே. பிறவியில் வந்த ஒரு குறை இருக்கிறது என்பதற்காக அவனுக்கு வேறு நோயே வரக்கூடாது என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. நமக்கு வருகிற எல்லாம் அவனுக்கும் வரும், நம்மைவிடச் சுலபமாகவே வருமாம்.

உன் அம்மா மட்டும் விடவில்லை. பொங்கல் கழிந்து, மையத்தில் வேறொரு பையனின் தாயார் சொல்லி, ஒரு மனநல டாக்டரம்மாவிடம் அவள்தான் நேரம் வாங்கினாள். மனநலம் என்றதும் எனக்கு எல்லார் மேலும் சந்தேகம். பைத்தியம் என்று எழுதிவிடுவார்களோ, ஊசி போட்டுத் தூங்க வைத்துவிடுவார்களோ என்று. அந்த அம்மா பாபுவின் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். அவனிடம் கொஞ்ச நேரம், எங்களிடம் நிறைய நேரம். முன்பு எப்படிச் சாப்பிடுவான், எதற்குச் சிரிப்பான், எந்த வேலையைத் தானே செய்வான், இப்போது எதை விட்டுவிட்டான் என்றெல்லாம் கேட்டுவிட்டு, எப்போதிலிருந்து இப்படி இருக்கிறான் என்று கேட்டார். பிறந்ததிலிருந்தே என்றேன். எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவைக் கீழே வைத்தார்.

"பிறவியிலேயே இருக்கறதுக்கு ஆரம்பத் தேதி கிடையாது சார். நோய்க்கு உண்டு. அந்தத் தேதியைக் கண்டுபிடிச்சுட்டு வாங்க."

ரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார். தைராய்டினாலும் இப்படி வரலாமாம், அதையும் பார்க்க வேண்டுமாம். தேதி எங்கள் வேலை. வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தபோதுதான் எனக்கு உறைத்தது. அந்தத் தேதி நம் வீட்டுச் சுவரிலேயே இருந்திருக்கும். அவன் விட்ட இடத்தில் காலண்டர் அப்படியே நின்றிருக்கும், வருகிறவன் போகிறவன் எல்லாம் பார்த்திருப்பான். நான் தினமும் காலையில் எழுந்து அதைக் கிழித்துக் குப்பையில் போட்டிருக்கிறேன். எந்த நாள் நான் கிழிக்க ஆரம்பித்தேன் என்று எவ்வளவு யோசித்தும் வரவில்லை. உன் அம்மாவுக்கும் வரவில்லை. வேறு யார் அவனைத் தினமும் பார்த்தவர்கள் என்று யோசித்தபோது, ஒரே ஒரு ஆள்தான் நினைவுக்கு வந்தார்.

பம்மலில் செல்வத்தின் வீட்டைக் கண்டுபிடித்துப் போனேன். சந்துக்குள் ஆட்டோ நின்றது, அவர் சீட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் துணியை உதறி, "இன்னா சார், திட்றதுக்கு இன்னும் பாக்கி கீதா" என்றார். மன்னிப்புக் கேட்கும் வார்த்தைகளை வழி முழுக்கக் கோத்துக்கொண்டு போயிருந்தேன். வாயைத் திறந்ததும் வந்தது, பாபு எப்போதிலிருந்து மாறினான் என்ற கேள்விதான். அந்த மனிதர் என்னை வாசலோடு அனுப்பியிருக்கலாம். அனுப்பவில்லை.

"ஆயுத பூஜைக்கு முன்னாலயே சார். வருசா வருசம் டயராண்ட எலுமிச்சம்பழம் வெக்கிறது அவன்தான. கைல குடுத்தேன். வெச்சிகினே நின்னுகினு இருந்தான், குனியல. அதுக்கு முன்னயே ரேடியோ போடச் சொல்லி கேக்கறத நிறுத்திட்டான். மிஸ்ஸாண்ட சொன்னேன், அவங்க அப்படித்தான்னாங்க. உன்னாண்ட சொல்ல பயம் சார். நீ எத சொன்னாலும் டிக்கெட் கேக்கற மாதிரியே பாப்ப."

அதற்கப்புறம்தான் மன்னிப்புக் கேட்டேன். அவர் துணியை எடுத்துச் சீட்டைத் துடைக்க ஆரம்பித்தார். மறுபடி பாபுவுக்கு ஓட்டுகிறீர்களா என்று கேட்டதற்கு, "வேணா சார், நாளைக்கு அவன் மூஞ்சி வாடினா நீ மறுபடியும் என் சட்டையதான் புடிப்ப" என்றார். பஸ் ஏறி வந்துவிட்டேன்.

அடுத்து எழுதப் போவதை உன்னிடம் சொல்லவே கூடாது என்றிருந்தேன். செல்வம் சொன்னதை உன் அம்மாவிடம் சொன்னபோது, அவள் பாத்திரம் துலக்கிக்கொண்டே, "அதுக்கும் முன்னாலங்க. கல்யாணத்தன்னிக்கு ரூம்ல உக்கார வெச்சோமே, அன்னிலேருந்துதான்" என்றாள். உன் முகூர்த்தத்தின்போது பாபு மேடையில் இல்லை. எங்கே என்று நீ கேட்டாய், காய்ச்சல், படுத்திருக்கிறான் என்றேன். பொய். கெட்டி மேளம் கொட்டினால் அவன் காதைப் பொத்திக்கொண்டு கத்துவான், சம்பந்தி வீட்டார் முன்னால் தலைகுனிவாகும் என்று நான்தான் மாப்பிள்ளை அறையில் உன் சித்தப்பாவோடு உட்கார வைத்துக் கதவைச் சாத்தச் சொன்னேன். அதற்கு முந்தைய வாரம் முழுக்க உன் அம்மா அவனுக்கு அட்சதை போடப் பழக்கியிருந்தாள். "தம்பி தலைல" என்று சொல்லிச் சொல்லி என் தலையிலும் அவள் தலையிலும் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான். எல்லாம் முடிந்து நான் கதவைத் திறந்தபோது, பட்டு வேட்டியோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். கை மூடியே இருந்தது. பிரித்துப் பார்த்தேன். மஞ்சள் அரிசி வியர்வையில் ஊறி உள்ளங்கையோடு ஒட்டியிருந்தது. கழுவிவிட்டுப் பந்திக்குக் கூட்டிப்போனேன்.

இதுதான் காரணம் என்று டாக்டரம்மா சொல்லவில்லை. காரணம் இருந்தும் வரும், இல்லாமலும் வரும், தம்பி வீட்டை விட்டுப் போனதும் இருக்கலாம், ஒன்றைப் பிடித்துக்கொண்டு உங்களையே தண்டித்துக்கொள்ள வேண்டாம் என்றார். அவர் சொன்னதை எல்லாம் நம்புகிற நான், இதை மட்டும் முழுசாக நம்பவில்லை. ஞாயிற்றுக்கிழமை உன் அம்மா ஒரு பொட்டலத்தில் அட்சதை கொடுத்தனுப்புவாள். நீயும் வித்யாவும் அவன் முன்னால் கொஞ்சம் தலை குனிந்து நில்லுங்கள். அது மருந்தில்லை என்று எனக்கும் தெரியும்.

மருந்து என்றதும் இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். மாத்திரை ஆரம்பித்துச் சில வாரங்களில் அவன் சாப்பிட ஆரம்பித்தான், குளிக்க எழுந்தான். உடனே எனக்கு, சரியாகிவிட்டதே, இனி எதற்கு மூளைக்குப் போகிற மாத்திரை, இதுவே பழக்கமாகிவிட்டால் என்று சந்தேகம். உன் அம்மாவுக்குத் தெரியாமல் பத்து நாள் நிறுத்தினேன். மறுபடி முக்காலி, மறுபடி மணிக்கட்டு. டாக்டரம்மாவிடம் ஒழுங்காகக் கொடுத்ததாகச் சாதித்தேன். அவர் என்னை வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தார். டிக்கெட் இல்லாதவன் எப்படி நிற்பான் என்பது அவருக்கும் தெரிந்திருந்தது. உண்மையைச் சொன்னேன். உனக்கும் அந்த ஆசை வரும், அவன் நன்றாகச் சிரித்துக்கொண்டிருக்கிற ஒரு நாளில்தான் வரும். அந்த அம்மாவைக் கேட்காமல் ஒரு வேளை மாத்திரையைக்கூட நிறுத்தாதே.

போன ஆயுத பூஜைக்கு மூன்று எலுமிச்சம்பழம் வாங்கிக்கொண்டு பாபுவைப் பம்மலுக்குக் கூட்டிப்போனேன். அவன் குனிந்து ஒவ்வொரு டயருக்கும் ஒன்று வைத்தான். செல்வம் வண்டியை ஏற்றி நசுக்கியதும் கை தட்டினான். செல்வம் என்னோடு பேசவில்லை. அவனோடு நிறையப் பேசினார், ரேடியோ போட்டார். ஞாயிற்றுக்கிழமை அவர் ஆட்டோவில்தான் உன் வீட்டுக்கு வருகிறோம். பாபு கூப்பிட்டான், வருகிறேன் என்றிருக்கிறார். உன் வீட்டு வாட்ச்மேன், வேலைக்கு வருகிற அம்மா, லிஃப்டில் பார்க்கிறவர்கள், இவர்களை எல்லாம் சந்தேகப்படாதே என்று நான் சொல்லமாட்டேன், உலகம் அப்படி இல்லை. ஆனால் சட்டையைப் பிடிப்பதற்கு முன்னால் ஒரு கேள்வி கேட்டுவிடு. அவன் எதை விட்டுவிட்டான் என்பது உன்னைவிட அவர்களுக்கு முதலில் தெரிந்திருக்கும்.

உன் வீட்டில் எல்லாம் போனில்தான், தினசரி காலண்டர் கிடையாது. அவன் கொண்டுவருகிறான். அவன் கைக்கு எட்டுகிற உயரத்தில் ஓர் ஆணி அடித்து வை. தேதி கிழிப்பது அவன் வேலை. ஒருநாள் கிழிக்கவில்லை என்றால் ஞாபகப்படுத்தாதே, பார்த்துக்கொண்டே இரு. இரண்டு நாள், மூன்று நாள் அதே தேதி நின்றால் என்னைக் கேட்காதே, நான் "எப்பவும் போலத்தான்" என்று சொல்லிவிடுவேன். நேராக டாக்டரம்மாவுக்குப் போன் போடு. அந்தத் தாளை மட்டும் நீ தொடாதே. வீட்டுக்கு வருகிறவர்கள் பழைய தேதியைப் பார்த்துச் சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும்.

இன்று காலை உன் அம்மா அவன் துணிமணியைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். அவன் நேற்றைய தாளைக் கிழித்துவிட்டு, நாற்காலி போட்டு ஏறிக் காலண்டரை ஆணியிலிருந்து கழற்றினான். ஞாயிறு வரைக்கும் இருக்கட்டுமடா என்று சொல்லி, விழுந்துவிடப் போகிறானே என்று கை நீட்டினேன். அவன் அதை மார்போடு அணைத்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான்.

"அப்பா வேணாம். அப்பா கிழிச்சிடுவாரு."

கீழே இறங்கி, பெட்டியில் துணிகளுக்கு அடியில் அதை வைத்து மூடி, மேலே உட்கார்ந்துகொண்டான். அந்த ஐந்து மாதமும் அவன் அந்தக் கட்டிலில் சுவரைப் பார்த்தபடி படுத்திருந்தான். எதுவும் தெரியாமல் கிடக்கிறான் என்று நினைத்து, ஒவ்வொரு காலையும் அவன் தலைக்கு மேலே கையை நீட்டித்தான் நான் கிழித்தேன். அவன் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறான்.

உன் அப்பா